வண்ணக்கர் நோட்டம்: பிழைக் காசும் பொய்க் காசும்

மேகமலையின் காடுகளிலும் வருசநாட்டுக் குன்றுகளிலும் ஊறி இறங்கும் வையை, கம்பம் பள்ளத்தாக்கின் நீரைச் சுமந்து வரும் சுருளியாற்றையும், போடி மலையினின்று வரும் கொட்டகுடியாற்றையும் தன்னுட் சேர்த்துக்கொண்டு, மதுரையைத் தொட்டு, அழகன்குளத்தருகே கடலை நாடுகிறது. இவ்வாற்றின் மணலில் பழங்காசுகள் கிடைப்பது புதுச்செய்தியன்று. மதுரையில் ஆற்று மணலை அரித்துப் பொன்துகள் தேடுவோர் கையில், பாண்டியரின் சதுரச் செப்புக் காசும், உரோமப் பேரரசின் பிற்காலத்துச் சிறு செப்புக் காசும் பலகாலம் அகப்பட்டு வந்தன. ஆற்றின் கழிமுகத்தில் அழகன்குளத்தில் நிகழ்ந்த அகழாய்வும் உரோமக் காசுகளை வெளிக்கொணர்ந்தது. ஆற்றின் தலைப்புறத்திலோ போடிநாயக்கனூரில், தேனி தனி மாவட்டமாவதற்குப் பன்னாள் முன்பே, வெள்ளி முத்திரைக் காசுகளின் புதையல் ஒன்று கிடைத்தது. அக்காசுகளின் பின்புறத்தில் கோட்டுருவமான மீன் சின்னம் பொறிக்கப்பட்டிருப்பதால் அவற்றைப் பாண்டியர் வெளியிட்டவை என நாணயவியலார் கொள்வர்.

இவ்வாறு கிடைக்கும் காசுகளுள் ஒன்று ஏனையவற்றினின்று மாறுபட்டிருக்குமாயின் அதனை என்னென்று கொள்வது? உருவம் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கலாம், எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருக்கலாம், எடை குறைந்திருக்கலாம், வெள்ளியின் அடியில் செம்பு தெரியலாம். அக்கசாலையில் அடித்தவன் கைதவறியதா, கள்ளக் கம்மட்டக்காரன் செய்ததா, அன்றி வேற்று நாட்டான் ஒருவன் பார்த்துச் செய்த படியா என்னும் வினா எழுகிறது. காசு சேர்ப்பாருக்கு இது விலை பற்றிய வினா. சங்கச் செய்யுளைப் பயில்வாருக்கோ இது வரலாறு பற்றிய வினா.

இவ்வினாவைத் தொழிலாகவே கொண்டவர் சங்கப் புலவருள் இருந்தனர் என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடம வண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என வரும் பெயர்களில் உள்ள வண்ணக்கன் என்னும் சொல் நாணயம் சோதிப்போனைக் குறிப்பது. பிற்காலத்தார் இவர்களை நோட்டக்காரர் என்றனர். வாணிபத் தெருக்களில் சராப்பு என்னும் பெயரும் வழங்கிற்று. காசைக் கையிலெடுத்துப் பார்த்து, தட்டி ஓசை கேட்டு, உரைகல்லில் உரைத்து, தராசிலிட்டு, செல்லும், செல்லாது என்று சொல்லும் வேலை அது. பகலில் அவ்வேலையைச் செய்தவர்கள் குறுந்தொகைக்கும் நற்றிணைக்கும் புறநானூற்றுக்கும் பாட்டும் தந்திருக்கிறார்கள். பாடல் தொகுத்தோர் அவர்கள் தொழிற்பெயரை மறைக்காமல் பெயரோடு சேர்த்தே போற்றியது, அத்தொழிலுக்கு அன்றிருந்த மதிப்பைக் காட்டுவதாகவே தோன்றுகிறது. நாணயம் என்னும் சொல்லுக்குக் காசென்றும் நேர்மையென்றும் இருபொருள் தமிழில் நிலைத்திருப்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

வண்ணக்கர் கண்ணோடு பார்க்க வேண்டுமாயின் முதலில் காசு பிறக்கும் முறையை அறிதல் வேண்டும். வெள்ளி முத்திரைக் காசுக்கு அச்சு ஒன்றன்று. தகடாக அடித்த வெள்ளியைத் துண்டுகளாக வெட்டுவர். எடை மிகுந்தால் மூலையைக் கத்தரித்துக் குறைப்பர். எடை ஏறத்தாழ மூன்றரைக் கிராம் அளவில் நின்றால் போதும். வடிவம் எவ்வாறிருப்பினும் கவலையில்லை. பின்னர் ஞாயிறு, பிறை, மலைமுகடு, விலங்கு போன்ற சின்னங்களைத் தனித்தனி முத்திரைகளால் ஒன்றன்பின் ஒன்றாகக் குத்துவர். ஆதலின் ஒரு சின்னம் பாதி வெளியே போயிருப்பதும், ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதும், மூலை அறுந்திருப்பதும் இவ்வகைக் காசில் பிழையே அல்ல. அவை அதன் இயல்பு. இதனை அறியாதவர் கையில் போடிப் புதையற் காசு ஒன்று கிடைத்தால் அதனை உடைந்த காசென்றோ தவறிய காசென்றோ எண்ணக்கூடும். கைமாறிய இடந்தோறும் சோதித்தவர்கள் குத்திய சிறு குறிகளும் இவ்வகைக் காசுகளில் உண்டு. அவை வண்ணக்கர் இட்ட கையொப்பம் எனலாம்.

அச்சுக் காசின் நிலை வேறு. கீழே பட்டடையில் ஓர் அச்சு. மேலே கையிற் பிடித்த மற்றோர் அச்சு. இடையில் சூடேற்றிய வில்லை. மேலே சம்மட்டி அடி. இங்கே பிழை இருவகைப்படும். ஒன்று அடியின் பிழை. வில்லை நகர்ந்துவிட்டால் உருவம் ஓரம் போகும். இருமுறை அடித்தால் இரட்டை உருவம் தெரியும். முன்னடித்த காசு மேலச்சிலேயே ஒட்டிக்கொண்டுவிட, அதனை எடுக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், ஒருபுறம் புடைப்பாகவும் மறுபுறம் அதே உருவம் குழிவாகவும் எதிர்மாறாகவும் பதியும். உரோம வெள்ளிக் காசுகளில் இக்கடைசி வகை நன்கறியப்பட்டது. மற்றொன்று அச்சின் பிழை. அச்சு வெட்டுவோன் எழுத்தையும் உருவையும் திருப்பி வெட்ட வேண்டும். அப்போதுதான் காசில் அவை நேராக விழும். மறந்து நேராக வெட்டிவிட்டால் அந்த அச்சினால் அடிக்கப்படும் ஒவ்வொரு காசிலும் எழுத்து தலைமாறி நிற்கும்.

மறதியான ஓர் அச்சுவெட்டி இந்திய எழுத்து வரலாற்றையே ஆட்டி வைத்த கதை உண்டு. மத்தியப் பிரதேசத்தில் சாகர் மாவட்டத்து ஏரண் என்னும் ஊரில் அலெக்சாண்டர் கன்னிங்காம் ஒரு செப்புக் காசைக் கண்டெடுத்தார். அதில் தருமபாலனுடையது என்று பொருள்படும் பிராகிருதச் சொல், பிராமி எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருந்தது. செருமானிய அறிஞர் பூலர், பிராமி எழுத்து மேற்காசியச் செமித்திய எழுத்தினின்று பிறந்தது என்னும் தம் கொள்கைக்கு இக்காசைச் சான்றாக்கினார். செமித்திய எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. ஆகவே பிராமியும் தொடக்கத்தில் அவ்வாறே சென்றது என்றும், அந்நிலையின் எச்சமே ஏரண் காசு என்றும் அவர் வாதிட்டார். பிற அறிஞர் உடன்படவில்லை. அச்சு வெட்டியவன் எழுத்தைத் திருப்ப மறந்திருக்கிறான், இதில் வேறொன்றும் இல்லை என்றனர். பிற்காலக் காசுகளிலும் இத்தகைய தலைமாற்று எழுத்து உண்டு என்று எடுத்துக்காட்டினர். இன்று பெரும்பாலோர் இவ்விளக்கத்தையே ஏற்கின்றனர். பிராமியின் பிறப்புப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை என்பது வேறு. ஆனால் அவ்வாதத்தில் ஏரண் காசுக்கு முன்பிருந்த இடம் இன்றில்லை. ஒரு தொழிலாளியின் கைப்பிழையைக் கொள்கையாகப் படித்த குற்றம் பூலர் போன்ற பேரறிஞருக்கே நேர்ந்ததென்றால், ஏனையோர் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

இனிப் பொய்க் காசு. அது காசு பிறந்த அன்றே பிறந்தது. கௌடலியரின் அருத்தசாத்திரம் அக்கசாலைத் தலைவனையும் காசு சோதிப்போனையும் தனித்தனி அலுவலராகக் கூறுகிறது. வெள்ளிக் காசில் நான்கில் ஒரு பங்கு செம்பு சேர்க்கலாம் என விதிக்கும் அந்நூல், கள்ளக் காசு செய்வானை எவ்வாறு அடையாளங் காண்பது என்றும் சொல்கிறது. பலவகை உலோகங்களையும் காரங்களையும் அடிக்கடி வாங்குகிறானா, உலைத்துருத்தியும் குறடும் மூசையும் வைத்திருக்கிறானா, கையும் உடையும் கரியும் சாம்பலும் படிந்திருக்கிறதா என்று ஒற்றர் பார்க்க வேண்டுமாம். காசைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார் என்பது அந்நூலின் வழி.

ஆள் போய்விட்டான், காசு மட்டும் கையிலிருக்கிறது என்னும்போது உள்ளே பார்ப்பதைத் தவிர வழியில்லை. பழங்காலக் கள்ளக் காசில் தலையாயது செப்பு வில்லையின்மேல் மெல்லிய வெள்ளித் தகடு போர்த்தியது. புதிதாயிருக்கும்போது கண்ணுக்கும் காதுக்கும் அது எளிதில் பிடிபடாது. ஆகவே உளியால் ஒரு வெட்டு வெட்டி உள்ளிருப்பதைப் பார்க்கும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. இன்று வெட்ட வேண்டியதில்லை. காசைக் காற்றில் ஒருமுறையும் நீரில் ஒருமுறையும் நிறுத்தால் போதும். வெள்ளியின் ஒப்படர்த்தி 10.5, செம்பினது ஏறத்தாழ 9. 3.4 கிராம் எடையுள்ள தூய வெள்ளிக் காசு நீரில் 0.32 கிராம் குறையும். அதே எடைச் செப்புத் துண்டு 0.38 கிராம் குறையும். செம்பு கலந்த வெள்ளியின் அளவு இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும். வேறுபாடு மிகச் சிறிதாகையால் நுண்ணிய தராசு வேண்டும். துருவோ மண்ணோ ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைக்கும். ஊடுகதிர் ஒளிர்வுக் கருவி மேற்பரப்பின் உலோகங்களை நொடியில் சொல்லிவிடும். எனினும் போர்த்திய தகட்டை மட்டும் பார்த்து அது ஏமாறவும் கூடும்.

புறம் ஒத்திருக்க அகம் வேறுபடுவது என்றதும் தமிழ் படித்தவர் மனம் சிலம்புக்குச் செல்லாமல் இராது. பாண்டிமாதேவியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் புறத்தே ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றன் பரல் முத்து. மற்றதன் பரல் மாணிக்கம். திருடிய பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட அரசன் நோட்டம் பாராமல் தீர்ப்பளித்தான். பார்த்திருந்தால் நொடியில் முடிந்திருக்கும் சோதனை அது. அதனைக் கண்ணகிதான் செய்தாள், சிலம்பை உடைத்தாள், பரல் தெறித்தது. காசை உளியால் வெட்டிப் பார்ப்பதும் அவள் செய்ததும் ஒரே முறை. அதன் பின் அவள் வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து மலையேறினாள் என்று காப்பியம் கூறுகிறது. அம்மலை எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் கூடலூருக்கு மேலே மலையெல்லையில் நிற்கும் மங்கலதேவி கோட்டமே கண்ணகி கோட்டம் எனப் புலவர் சி. கோவிந்தராசனார் 1963ஆம் ஆண்டு வெளிப்படுத்தியது முதல், கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் அதனை ஐயமின்றித் தமதாகக் கொண்டுள்ளனர். சித்திரை முழுநிலவில் அங்கே ஏறிச் செல்வோருக்கு ஒருபுறம் சேரநாட்டுக் காடும் மறுபுறம் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் மேகமலைத் தொடரும் தெரியும். மதுரைக்கும் மேற்குக் கடற்கரை முசிறிக்கும் இடையே சென்ற பழம்பெருவழி ஒன்று இப்பள்ளத்தாக்கு வழியே சென்றதென ஆய்வாளர் கருதுவர். உரோமக் காசு இப்பக்கம் வந்த வழிகளுள் இதுவும் ஒன்றாகலாம்.

வெட்டுப்பட்ட காசெல்லாம் ஐயத்தால் வெட்டப்பட்டதும் அன்று. புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின்மேல் உளிவெட்டு விழுந்திருந்தது. பொன்னோ நல்ல பொன். அப்படியாயின் எதற்கு வெட்டு? தேய்ந்த காசை இனிச் செலாவணியில் வழங்கலாகாது என்று செல்லாக் காசாக்கும் குறி என்பது பிரித்தானிய அருங்காட்சியகத்து சார்சு ஹில் கூறிய விளக்கம். வேறு விளக்கங்களும் உண்டு. தலையின்மேல் குறிபார்த்து வெட்டியிருப்பதால், இது உள்ளே பார்க்கும் சோதனை அன்று என்பது மட்டும் தெளிவு. அக்கசாலையின் பிழையுமன்றி, கள்ளனின் தொழிலுமன்றி, வைத்திருந்தவனின் கருத்து காசில் பதிந்திருக்கிறது. விந்தைக் காசு ஒன்றைப் பார்ப்பவர் இந்த மூன்றாம் வழியையும் மறத்தலாகாது.

நான்காவது வழி இன்னும் சுவையானது. அகசுதசு காலத்தில் அவர் பெயரர் காயசு, லூசியசு இருவரும் நிற்க வெளியான வெள்ளிக் காசும், திபேரியசு காலத்து வெள்ளிக் காசும் தென்னாட்டில் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. கி.பி. 64இல் நீரோ வெள்ளிக் காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். அதற்கு முந்திய காசுகளையே இந்திய வணிகர் விரும்பினர் என்பதைப் புதையல்கள் காட்டுகின்றன. இலங்கை அரசன் ஒருவன், வெவ்வேறு அரசர் தலை பொறித்த உரோமக் காசுகள் யாவும் ஒரே எடையாயிருத்தல் கண்டு அந்நாட்டார் நேர்மையை வியந்தான் என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். இத்தகைய மதிப்புப் பெற்ற காசைப் பார்த்து இந்நாட்டிலேயே படிகள் செய்யப்பட்டன. செய்தவனுக்கு இலத்தீன் தெரியாது. ஆகவே எழுத்தை எழுத்தாக அன்றி அணிவேலையாகக் கருதி, கோடும் வளைவுமாக வெட்டினான். முகம் சற்றே நம்மூர் முகமாயிற்று. இவற்றைக் கள்ளக் காசு என்று தள்ளுவது பொருந்துமா? நல்ல வெள்ளியில், ஏறத்தாழ ஒத்த எடையில் செய்த படிகளும் அவற்றுள் உண்டு. ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து நின்று பொருள் மாறாதிருந்தால் இலக்கணம் அதனைப் போலி என்று பெயரிட்டு ஏற்றுக்கொள்கிறது. அறம் அறன் ஆவதைக் குற்றம் என்பாரில்லை. அத்தகைய காசுகளையும் இலக்கணப் போலியின் பக்கத்தில் வைத்தலே முறை.

இத்தனையும் தெரிந்த பின்னரே சங்ககாலக் காசுகளின் வழக்குக்கு வரவேண்டும். மூவேந்தர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனர் என்பதற்குப் பன்னாள் சான்றில்லாதிருந்தது. 1980களில், தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, மதுரையில் வாங்கிய பழங்காசுகளைத் தூய்மை செய்தபோது ஒரு சதுரச் செப்புக் காசில் குதிரையின் உருவத்துக்கு மேல் தமிழ் பிராமியில் பெருவழுதி என்னும் பெயரைக் கண்டார். பின்புறத்தில் கோட்டுருவ மீன். வழுதி என்பது பாண்டியர் குடிப்பெயர். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி முதலாகப் புறநானூறு அறிந்த பெயர். கரூர் அமராவதி ஆற்றிலிருந்து மாக்கோதை, குட்டுவன் கோதை என்னும் சேரர் பெயர் பொறித்த காசுகளும் வெளிப்பட்டன. மாக்கோதை காசிலுள்ள தலையுருவம் உரோமப் பேரரசர் தலையை நினைவூட்டுவது.

எல்லாம் வணிகர் வழியாகவும் ஆற்று மணல் அரிப்போர் வழியாகவும் வந்தவை. மண்ணடுக்கின் சாட்சி இல்லாத காசு எத்துணை அரியதாயிருக்கிறதோ அத்துணை ஐயத்துக்கும் உரியது. விருப்பம் நம் பக்கம் இருக்கும்போது ஐயம் இரட்டிப்பாக வேண்டும். ஏரண் காசு கற்பித்தது அதுவே. எனினும் பெருவழுதி காசு அச்சோதனையில் தேறுகிறது என்றே கொள்ளல் வேண்டும். எழுத்தமைதி குகைக் கல்வெட்டுகளின் பழைய வடிவத்தோடு பொருந்துகிறது. பின்புற மீன், பெயரில்லாத பாண்டியர் சதுரக் காசுகளின் மீனோடு ஒத்துள்ளது. அவ்வகையில் வேறு காசுகளும் பின்னர்க் கிடைத்தன. மாக்கோதையின் உரோமச் சாயலும் ஐயத்துக்கு இடமாவதினும் விளக்கத்துக்கே இடமாகிறது. உரோம வெள்ளி புழங்கிய கருவூரில் அச்சுவெட்டியின் கண் அம்முகத்தைத்தானே பார்த்துப் பழகியிருக்கும்.

வேறு காசுகள் கிடைத்தன என்றவிடத்து ஒரு நுட்பம் உண்டு. அச்சின் பிழை அவ்வச்சிற் பிறந்த காசிலெல்லாம் வரும். அடியின் பிழையோ ஒரு காசோடு முடிவது. உருவம் ஒரு நூலளவு இடப்பக்கம் ஒதுங்கி, ஓரத்தில் ஒரு வெடிப்போடு, ஒரு மூலை மடங்கியிருக்கும் காசு உலகில் ஒன்றுதான் இருக்க முடியும். அதே ஒதுக்கம், அதே வெடிப்பு, அதே மடிப்போடு இரண்டாவது காசு ஒன்று சந்தைக்கு வந்தால், இரண்டில் ஒன்றாயினும் உண்மைக் காசின்மேல் களிமண் அழுத்தி எடுத்த வார்ப்பு. இரண்டுமே வார்ப்பாகவும் இருக்கலாம். உருப்பெருக்கியில் பார்த்தால் குமிழிகளின் குழியும் ஓரத்தில் இராவிய தடமும் தெரியும். ஏடு படித்தவர்க்கு இது புதிதன்று. இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே வரி விட்டுப்போயிருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டதென்றோ, இரண்டும் ஒரு மூலத்தினின்று வந்தனவென்றோ பதிப்பாசிரியர் முடிவு செய்வர். பிழை இங்கும் அங்கும் வழிகாட்டி. பிழையே இல்லாத, எழுத்தெல்லாம் நடுவில் நிற்கும், தேய்வில்லாத சங்ககாலக் காசைக் கண்டால்தான் வண்ணக்கர் புருவம் நெரிய வேண்டும்.

ஆனால் எத்தனை நுட்பமான நோட்டமும் ஒன்றைச் சொல்லாது. காசு மெய் என்று சொல்லும்; எங்கே, எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்று சொல்லாது. கீழடியில் 2021ஆம் ஆண்டு, ஏழாம் கட்ட அகழாய்வில், ஞாயிறும் பிறையும் பொறித்த வெள்ளி முத்திரைக் காசு ஒன்று குழியிலிருந்தே வெளிப்பட்டது. அதன் ஆழமும் அதனைச் சூழ்ந்த மண்ணும் குறிப்பேட்டில் உள்ளன. அது மெய்யா பொய்யா என்று எவரும் கேட்கவில்லை. அதே வையையின் தலைப்புறத்தில், ஏர் முனையிலும் கிணற்றுக் குழியிலும் தட்டுப்படும் காசுகளின் நிலை வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டம் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. அச்சத்தால் சொல்லாது விடப்படுவனவும், உருக்கப்படுவனவும், கைமாறிப் போவனவும் பல. செப்புக் காசைப் பாத்திரக்காரர் எடைக்கு வாங்கினார். வெள்ளிக் காசைப் பத்தர் உலையிலிட்டார். கள்ளக் காசென்று ஐயுற்று ஆற்றிலே எறிந்தனவும் அவற்றுள் இருந்திருக்கும். அவற்றையும் சேர்த்தே வையை கீழே கொண்டுபோய் மதுரை மணலில் போட்டிருக்கிறது.